உள்ளே இருந்த உரிமம்

கடந்த மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வழக்கமாக வாசலிலேயே ஸலாம் சொல்லி வரவேற்கும் அவள் மகள், அன்று உள்ளறையில் மடிக்கணினியின் முன் முகம் வாடி அமர்ந்திருந்தாள். பி.காம். முடித்த பெண். கடைத்தெருவில் உள்ள இரண்டு மளிகைக் கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுத்து, மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஈட்டி வருகிறாள். அவளுடைய வாப்பா தம்மாமில் பணிபுரிகிறார். 2021ஆம் ஆண்டு அவர் விடுமுறையில் வந்தபோது சென்னையில் ஒரு பெரிய கடையில் வாங்கிக் கொடுத்த கணினி அது.

“மாமா, அந்த எழுத்து மறுபடியும் வந்துவிட்டது. 20ஆம் தேதிக்குள் இரண்டு கடைக் கணக்கையும் ஏற்றியாக வேண்டும். அதற்குள் இது பூட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். திரையின் வலப்புறக் கீழ் மூலையில் மங்கிய எழுத்தில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்றிருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது அதன்மேல் நிழல்போல் நின்றது.

நடந்தது இதுதான். ஒன்றரை ஆண்டுக்கு முன் கணினி மிகவும் மந்தமாகிவிட்டது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ஃபார்மேட் அடித்து, புதிதாக விண்டோஸும் ஏற்றித் தந்தார்கள். ஓ.எஸ். போட்ட கூலி தனி. கணினி பறவைபோல் பறந்தது. ஆறு மாதம் சென்றதும் இந்த எழுத்து தோன்றியது. கடைக்குக் கொண்டு போனார்கள். அரைமணி நேரத்தில் சரி செய்து 500 ரூபாய் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் மீண்டும் அதே எழுத்து, மீண்டும் 500 ரூபாய். இப்போது மூன்றாம் முறை.

நான் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரி. கணினி என் துறையன்று. எங்கள் மதரஸாவின் கணினிகளுக்கு வேறு ஆள் இல்லாமையால் பார்த்துப் பார்த்துப் பழகியவன், அவ்வளவுதான். ஆயினும் ‘ஆறு மாதம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அந்த ஐயம் என்ன என்பதைச் சொல்லுமுன், ஆக்டிவேஷன் என்றால் என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் இச்சொல்லைக் கேட்டாலே கடைக்கு ஓடுகிறார்கள்.

விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றின் காலத்தில் இயங்குதளத்தை நிறுவும்போது ஒரு நீண்ட குறியீட்டைக் கேட்கும். அதைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே குறியீட்டை ஊரெல்லாம் பயன்படுத்தினாலும் அதனைக் கேட்பார் இல்லை. 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு நிலைமை மாறியது. குறியீட்டோடு கணினியின் உறுப்புகள் சிலவற்றின் அடையாளத்தையும் சேர்த்து ஓர் எண்ணாக்கி, அதனை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும் என்றாயிற்று. முப்பது நாள் தவணை. அதற்குள் ஒப்புதல் பெறாவிடில் உள்ளே நுழையவே விடாது. ‘பூட்டிக்கொள்ளும்’ என்று என் மருமகள் அஞ்சியது அந்தக் காலத்தின் எச்சம்.

இன்று அவ்வாறில்லை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் ஆக்டிவேஷன் இல்லாவிட்டாலும் கணினி இயங்கும். கோப்புகள் திறக்கும், இணையம் வரும், அச்சிடலாம். மூலையில் அந்த எழுத்து நிற்கும். பின்னணிப் படம், நிறம் முதலியவற்றை அமைப்புப் பக்கத்தில் மாற்ற விடாது. ஆகவே முதலில் அவளிடம், “கணக்கை இன்றும் எழுதலாம், நாளையும் எழுதலாம். அந்த எழுத்து உன் கோப்பைத் தொடாது. முதலில் இரண்டு கடைக் கணக்கையும் முடித்து ஏற்றிவிடு. பிறகு இதைப் பார்ப்போம்” என்றேன். இந்த ஒரு செய்தி தெரியாமல், தவணை நாளின் நெருக்கடியில் கேட்ட தொகையைக் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர்.

அவள் 19ஆம் தேதியே வேலையை முடித்துவிட்டாள். அன்று இரவு இஷாவுக்குப் பின் இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது கணினி தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கிறது என்பதைத்தான். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அதனுள் சிஸ்டம், அதனுள் ஆக்டிவேஷன் என்று செல்ல வேண்டும். அங்கே விண்டோஸின் எந்தப் பதிப்பு என்பதும், ஆக்டிவேஷன் நிலையும் இருக்கும். இவள் கணினியில் ‘விண்டோஸ் 11 புரோ’ என்றிருந்தது. எனக்கு வியப்பு. வீட்டு உபயோகத்திற்காக நம் நாட்டில் விற்கப்படும் மடிக்கணினிகள் பெரும்பாலும் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்போடுதான் வருகின்றன. பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். திரையில் தோன்றும் பட்டியல்கள் ஒரே மொழியில் இருக்கும் என்பதே அதன் பொருள். தமிழிலோ அரபியிலோ தட்டச்சு செய்வதற்கு அது தடையன்று. கணினி வாங்கிய பில்லைத் தங்கை பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தோம். விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்றுதான் அதில் அச்சிட்டிருந்தது.

அடுத்து, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினேன். சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கேள்விக்குறி விசையில் உள்ள சாய்கோட்டை இட்டு, அதையொட்டி டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்ட வேண்டும். சில நொடிகளில் ஒரு சிறு அறிவிப்பு வரும். அதில் ‘சேனல்’ என்ற சொல்லைத் தேடுங்கள். கணினித் தயாரிப்பாளர் தொழிற்சாலையிலேயே பதித்த உரிமமாயின் ‘ஓ.இ.எம்.’ என்று தொடங்கும். தனியாக விலைக்கு வாங்கியதாயின் ‘ரீடெயில்’ என்றிருக்கும். இங்கே ‘வால்யூம் கே.எம்.எஸ். கிளையண்ட்’ என்றிருந்தது. டி, எல், ஐ என்பதற்குப் பதிலாக எக்ஸ், பி, ஆர் என்று அடித்தால், ஒப்புதல் நிலையானதா, தவணை உள்ளதா என்பது தெரியும். இந்தக் கணினியிலோ தவணையும் முடிந்திருந்தது.

என் ஐயம் இதுவே. கே.எம்.எஸ். என்பது பெரிய நிறுவனங்களுக்காக ஏற்பட்ட முறை. நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே மைக்ரோசாஃப்டுடன் பேச வேண்டியதில்லை. அலுவலகத்திற்குள் ஒரு சர்வர் இருக்கும். மற்றவை அதனிடம் ஒப்புதல் பெறும். குறைந்தது 25 கணினிகளாவது இருந்தால்தான் அந்தச் சர்வர் அவற்றுக்கு ஒப்புதல் வழங்கும். அந்த ஒப்புதலின் ஆயுள் 180 நாள். அலுவலகக் கணினிகள் ஏழு நாளுக்கொரு முறை தாமே சர்வரைத் தேடிச் சென்று தவணையைப் புதுப்பித்துக்கொள்ளும். நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஒற்றைக் கணினிக்கு இதில் என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லை. சில கடைகளில் ஒரு சிறு மென்பொருளைப் பென் டிரைவில் வைத்திருக்கிறார்கள். அது கணினிக்குள்ளேயே பொய்யாக ஒரு சர்வரைப்போல் நடித்து, அல்லது இணையத்தில் எங்கோ உள்ள முன்பின் அறியாத ஒரு சர்வரைக் காட்டி, 180 நாளுக்கு ஒப்புதல் வாங்கித் தருகிறது. 180 நாள் கழிந்து புதுப்பிக்க ஆள் இல்லாதபோது எழுத்து தலைகாட்டுகிறது. ஆறு மாதக் கணக்கின் கணக்கு அதுதான்.

இதனைவிட எனக்கு அச்சம் தந்தது வேறொன்று. அத்தகைய மென்பொருளை வைரஸ் தடுப்பு மென்பொருள் ஓட விடாது. ஆகவே ஏற்றுபவர் முதலில் அந்தப் பாதுகாப்பை அணைக்கிறார்; அல்லது ‘இந்த இடத்தை மட்டும் பார்க்காதே’ என்று விலக்கு அளிக்கிறார். விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில், வைரஸ் பாதுகாப்பின் அமைப்புகளுக்குள், ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். சி டிரைவ் முழுவதுமே விலக்கப்பட்டிருந்தது! ஒன்றரை ஆண்டுக் காலம், இரண்டு வணிகர்களின் கொள்முதல், விற்பனை, கடவுச்சொல் யாவும் காவலில்லாத வீட்டில் கிடந்திருக்கின்றன. அவை அவளிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அன்றே என் கைப்பேசியைக் கொண்டு எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றச் செய்தேன். அந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதிய சொல்லும் களவு போகக்கூடும் அல்லவா?

காசு கொடுக்காத மென்பொருள் கூடுமா, கூடாதா என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அந்த ஆய்வுக்கு இந்தப் பகுதி இடமன்று. ஆனால் இங்கே நேர்ந்த வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் குடும்பம் காசு கொடுத்திருக்கிறது! கணினி வாங்கிய அன்றே விண்டோஸின் விலையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. அந்த உரிமம் அந்த நேரம் வரை கணினிக்குள்ளேயே இருந்தது. அதன்மேல் களவு உரிமம் ஒன்றைப் போர்த்தி, ஆறு மாதத்திற்கொரு முறை 500 ரூபாய் வாடகையும் வாங்கியிருக்கிறார்கள்.

எங்கே இருந்தது? விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் அடிப்பகுதியிலோ பேட்டரிக்கு அடியிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 25 எழுத்துகள் கொண்ட குறியீடு அதில் அச்சிடப்பட்டிருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, பெரிய தயாரிப்பாளர்களின் கணினிகளில் அந்த முறை கைவிடப்பட்டது. குறியீட்டை மதர்போர்டில் உள்ள நிலையான நினைவகச் சில்லிலேயே எழுதி அனுப்புகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும், ஃபார்மேட் அடித்தாலும், அது அழிவதில்லை. விண்டோஸை மீண்டும் நிறுவும்போது நிறுவும் மென்பொருள் அந்தச் சில்லைத் தானே படித்து, எந்தப் பதிப்பு என்று அறிந்து, நம்மிடம் எதையும் கேளாமல் அதனையே நிறுவுகிறது. பிறகு இணையம் கிடைத்தவுடன் ஒப்புதலும் தானே வந்துவிடுகிறது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்கள் ‘ஓ.ஏ.3.எக்ஸ். ஒரிஜினல் புராடக்ட் கீ’ என்று இணையத்தில் தேடினால் ஒருவரிக் கட்டளை கிடைக்கும். அதனைப் பவர்ஷெல்லில் இட்டால் அந்த 25 எழுத்துகள் திரையில் தோன்றும். இவள் கணினியில் தோன்றின. “இது இவ்வளவு நாளும் இங்கேயா இருந்தது, மாமா?” என்று கேட்டாள்.

பின் ஏன் கடைக்காரர் புரோ போட்டார்? அவரிடம் உள்ள பென் டிரைவில் அதுதான் இருந்தது. எல்லாக் கணினிக்கும் ஒரே மருந்து. உரிமம் ஹோமுக்கு, நிறுவியது புரோ. இரண்டும் பொருந்தா. பொருந்தாத இடத்தில் பொய்ச் சர்வர் நுழைந்தது. ஃபார்மேட் அடித்த பின் ஒப்புதல் கிடைக்காமற்போகும் வழக்குகளில், நான் பார்த்தவற்றுள் பாதிக்குமேல் இந்தப் பதிப்பு மாறாட்டம்தான். ஹோமிலிருந்து புரோவுக்குக் காசு கொடுத்து ஏறலாம். புரோவிலிருந்து ஹோமுக்கு வெறும் குறியீட்டை மாற்றி இறங்க வழியில்லை. திரும்பவும் நிறுவத்தான் வேண்டும்.

திரும்ப நிறுவினோம். அவளுடைய கணக்குக் கோப்புகள், படங்கள், திருமண வீடியோ யாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தோம். நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்துக்கொண்டோம். பலர் இந்த இரண்டாம் வேலையைச் செய்வதில்லை. மதரஸாவில் உள்ள கணினியில், மைக்ரோசாஃப்டின் சொந்த இணையதளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்பதை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்தோம். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். பயான் ஒலிப்பதிவுகளை வைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, பழைய பிரிவுகள் எல்லாவற்றையும் நீக்கி, வெற்று இடத்தில் நிறுவச் சொன்னோம். குறியீடு கேட்கவில்லை. பதிப்பும் கேட்கவில்லை.

ஓரிடத்தில் மட்டும் தடங்கல். நிறுவல் முடியும் தறுவாயில் இணைய இணைப்புக் கேட்டது. ஆனால் வைஃபை பட்டியல் வெறுமையாக இருந்தது. வைஃபை சாதனத்துக்குரிய டிரைவர் புதிய விண்டோஸில் இல்லை. இணையம் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது. டிரைவர் இல்லாமல் இணையம் வராது. இந்த இடத்தில் கணினியை மூடிக் கடைக்கு எடுத்துச் செல்வோர் உண்டு. தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் வயரால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்பில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்கினோம். கைப்பேசியின் இணையம் வயர் வழியே வந்தது. டிரைவர்கள் தாமே இறங்கின. பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தபோது, ‘டிஜிட்டல் உரிமத்தோடு ஆக்டிவேட் செய்யப்பட்டது’ என்ற வரி காத்திருந்தது. 2021இல் விண்டோஸ் 10க்குக் கொடுத்த விலையே விண்டோஸ் 11க்கும் செல்லுபடியாயிற்று.

டிஜிட்டல் உரிமம் என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது ஏற்பட்ட முறை இது. ஒப்புதல் பெற்ற கணினியின் அடையாளம் மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிந்துவிடும். அதே கணினியில் அதே பதிப்பை மறுபடி நிறுவினால், ‘என்னிடம் குறியீடு இல்லை’ என்று சொல்லிவிட்டுச் செல்லலாம். அடையாளம் பார்த்து ஒப்புதல் வரும். ரேம் கூட்டினாலும் டிஸ்க் மாற்றினாலும் பொதுவாகச் சிக்கல் இல்லை. மதர்போர்டை மாற்றினால்தான் ‘இது வேறு கணினி’ என்று கருதிவிடும். அந்த நிலைக்காகத்தான் உரிமத்தை நம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்து வைக்க வேண்டும். இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள ‘டிரபிள்ஷூட்’ பொத்தானை அழுத்தி, அண்மையில் உறுப்பு மாற்றினேன் என்பதைத் தேர்ந்து, கணக்கில் நுழைந்து, பட்டியலில் நம் கணினியைச் சுட்டிக்காட்டலாம். தொழிற்சாலை உரிமம் கொண்ட மடிக்கணினியின் மதர்போர்டு கெட்டுப்போனால், தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் மாற்றுவதே நன்று. புதிய பலகையில் உரிமத்தை மீண்டும் எழுதித் தரும் வசதி அவர்களிடம் உண்டு. தெருமுனைக் கடையில் பழைய பலகையொன்றைப் பொருத்தினால், அதற்குள் யாருடைய உரிமம் இருக்கிறதோ, இல்லையோ!

‘நம் கணக்கு’ என்றேன். இதனைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அவளுடைய கணினியில் அதுவரை இருந்தது கடைக்காரரின் மின்னஞ்சல் கணக்கு. அவசரத்தில் தம் கணக்கையே போட்டு, நான்கு இலக்கப் பின் எண் ஒன்றை அவளிடம் கொடுத்திருக்கிறார். தீய எண்ணம் ஏதுமில்லை. ஆனால் விளைவு தீயதாகலாம். இக்காலக் கணினிகள் பல, டிஸ்க்கில் உள்ளவற்றைத் தாமே மறையாக்கி வைக்கின்றன. மதர்போர்டு மாறினாலோ அடிப்படை அமைப்பு மாறினாலோ திடீரென்று 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் பொதுவாக எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தோமோ அங்கேதான் சேமிக்கப்படுகிறது. கணக்கு கடைக்காரருடையதாயின், நம் வீட்டுச் சாவி அவர் பையில். அவர் கடையைக் காலி செய்து போய்விட்டால்? ஆக்டிவேஷன் போனால் எழுத்துதான் வரும். இந்த எண் போனால் கோப்பே போய்விடும். கணினியோடு சேர்த்து வரும் ஆஃபீஸ் மென்பொருளின் உரிமமும் அவ்வாறே, முதன்முதலில் எந்தக் கணக்கில் பதிந்தோமோ அதனோடு ஒட்டிக்கொள்கிறது. பெண்களின் கணினியாயின் பிறர் கணக்கு அதில் இருக்கவே கூடாது என்பதைத் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேறு காரணங்களும் உண்டு, அவை எளியவை. பிழை எண் பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும். பின்னால் வரும் எட்டு எழுத்துகளைப் பாருங்கள். 80072எஃப்8எஃப் என்றால் முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய கணினியின் உள்ளே உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னுக்குப் போயிருக்கலாம். தேதியைத் திருத்தினால் ஒப்புதல் வந்துவிடும். சி004எஃப்074 என்றால் கே.எம்.எஸ். சர்வரைத் தேடிக் காணவில்லை என்று பொருள். வீட்டுக் கணினியில் இது வந்தால் மேலே சொன்ன கதைதான். சி004எஃப்211 என்பது உறுப்பு மாறியதைச் சொல்லும். சி004சி003 என்பது சர்வர் அந்தக் குறியீட்டை ஏற்கவில்லை என்பதையும், சி004சி008 என்பது அதே குறியீடு அளவுக்கு மீறிப் பல கணினிகளில் ஏறியிருப்பதையும் சொல்லும். இந்த இரண்டும், சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் வாங்கிய மலிவுக் குறியீடுகளில் வழக்கமாக வருவன. விற்றவன் ஒரு நிறுவனத்திற்குரிய குறியீட்டையே நூறு பேருக்கு விற்றிருப்பான், சில நாள் வேலை செய்யும், பிறகு முடக்கப்படும்.

ஸ்டிக்கர் உள்ள பழைய மடிக்கணினி வைத்திருப்போர்க்கு ஒரு செய்தி. விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகியவற்றின் குறியீட்டைக் கொண்டு விண்டோஸ் 10ஐ ஒப்புதல் பெறச் செய்யும் வழி நெடுநாள் திறந்திருந்தது. இலவச மேம்பாட்டுத் தவணை 2016 ஜூலை 29இல் முடிந்த பிறகும் அது வேலை செய்துவந்தது. 2023 செப்டம்பரில் அதனையும் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே மேம்படுத்தி டிஜிட்டல் உரிமம் பெற்றிருந்தால் அது இன்றும் செல்லும். பெறாதிருந்தால் இனி அந்த ஸ்டிக்கர் புதிய விண்டோஸுக்கு உதவாது. விண்டோஸ் 7ஐயே மீண்டும் நிறுவுவோர் மங்கிய எழுத்தைப் படிக்கத் திணறினால் ஒரு குறிப்பு: அந்தக் குறியீட்டில் பூஜ்யமோ ஒன்றோ ஐந்தோ, ஓ, ஐ, எஸ் என்னும் எழுத்துகளோ வருவதில்லை. குழப்பக்கூடியவை பி என்னும் எழுத்தும் எட்டும்தான். ஆயினும் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்று ஆண்டுகள் பலவாயின. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. வங்கி வேலைக்கோ கணக்கு வேலைக்கோ அவற்றைப் புதிதாக நிறுவுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அத்தகைய பழைய கணினிக்கு உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்றவற்றைப் போடலாம். அவற்றுக்கு விலையும் இல்லை, ஆக்டிவேஷனும் இல்லை, குறியீடும் இல்லை. எங்கள் மதரஸாவில் இரண்டு பழைய கணினிகளில் மிண்ட்தான் ஓடுகிறது. மாணவர்கள் அதில் லிப்ரே ஆஃபீஸைக் கொண்டு தமிழிலும் அரபியிலும் எழுதுகிறார்கள். முதல் வாரம் முணுமுணுத்தார்கள், இப்போது கேட்பாரில்லை. விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்போர்க்கு இது பொருந்தாது. என் மருமகளுக்கும் பொருந்தாது.

கணினியைப் பழுதுக்குக் கொடுக்குமுன் ஆக்டிவேஷன் பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பின் பெயர் அதில் இருக்கும். கொடுக்கும்போது, “இதில் இருக்கும் ஹோம் பதிப்பையே போடுங்கள், உரிமம் உள்ளே இருக்கிறது, வேறு ஆக்டிவேட்டர் எதுவும் வேண்டாம், கணக்கை நான் வந்து போட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது அந்தக் கட்டளையை அங்கேயே நின்று அடித்து, சேனல் என்ன என்று பாருங்கள். தொழிற்சாலையில் வந்த விண்டோஸ் இன்னும் உள்ளேயே இருந்து வெறும் மந்தத்திற்காக மட்டும் புதுப்பிப்பதாயின் கடைக்கே போக வேண்டாம். அமைப்பிற்குள் ‘ரீசெட் திஸ் பி.சி.’ என்றொன்று உண்டு. அதனால் ஒப்புதல் கெடுவதில்லை.

மறுநாள் அந்தக் கடைக்கு நானே சென்றேன். சண்டையிட அல்ல, அந்தத் தம்பி என்னிடம் ஓதிய மாணவனின் இளவல். விவரத்தைச் சொன்னேன். “ஹஜ்ரத், எல்லாருக்கும் இப்படித்தான் போட்டுக் கொடுக்கிறோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரும் இதே பென் டிரைவைத்தான் கொடுத்தார்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். மேசைமேல் பழுதுக்கு வந்த வேறொரு மடிக்கணினி திறந்திருந்தது. அதில் சில்லில் உள்ள குறியீட்டைப் படிக்கும் கட்டளையை அடித்துக் காட்டினேன். 25 எழுத்துகள் வந்து நின்றன. சிறிது நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பழைய பில் தாளைக் கிழித்து என் முன் வைத்து, “அந்தக் கட்டளையை இதில் எழுதித் தாருங்கள், ஹஜ்ரத்” என்றான். எழுதிக் கொடுத்தேன். நான் கேட்காமலே 1,000 ரூபாயை எடுத்து நீட்டினான். அதனை என் மருமகளிடம் சேர்ப்பித்துவிட்டேன்.